பர்சன்ட் ஃபார் ஆர்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

நகரங்களின் பொதுக்கலை பற்றி வாசிக்கும்போது ‘பர்சன்ட் ஃபார் ஆர்ட்’ என்ற தொடர் அடிக்கடி வரும். தமிழில் இதைக் ‘கலைக்கான நிதியுதவி’ என்று எழுதிவிடுகிறார்கள். பிழை. உதவி என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் வருவது. இதுவோ ஒரு கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே அந்தக் கணக்குக்குள் கலைக்கென்று விதிப்படி எடுத்து வைப்பது.

1951இல் பிரான்ஸ் பாடசாலைக் கட்டடச் செலவில் 1 வீதத்தைக் கலைக்கு ஒதுக்கியது. அமெரிக்க நகரங்களில் முந்திக்கொண்டது பிலடெல்பியா, 1959இல். அங்கே நகர மண்டபத்துக்கு எதிரே 45 அடி உயரத்தில், துருநிற உருக்கில், நாம் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்று நிற்கிறது. சிற்பி க்ளேஸ் ஓல்டன்பர்க் செய்தது, 1976இல் வைத்தார்கள். அலுவலகக் கட்டடம் ஒன்றின் முன்னால் அது நிற்பது அந்த விதியின் பேரில்தான். பிலடெல்பியாவுக்குப் பிறகு அந்த விதி சியாட்டில் 1973இல், நியூயோர்க் 1982இல் என்று பரவியது.

சரி, சொல்லுக்கு வருவோம். பர்சன்ட் என்பது இலத்தீனில் ‘நூற்றுக்கு’. தமிழ்நாட்டில் விழுக்காடு என்கிறார்கள்: விழு என்ற வினையோடு சாக்காடு, வேக்காடு போல ‘காடு’ விகுதி சேர்ந்தது. இலங்கையில் நமக்கு வீதம்தான் பழக்கம். நான் முதலில் ‘கலைக்கு நூற்றிலொன்று’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் 2 வீதம், சிகாகோவில் 1.33 வீதம் என்று வந்தபோது அது நிற்கவில்லை.

நிற்கிற சொல் நம்மிடமே இருக்கிறது. மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுத்து மீன் விற்று முடிந்ததும் நின்று பாருங்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று மணலிலேயே பிரிப்பார்கள். கயிறு இழுத்தவர் வாங்குவதை யாரும் அன்பளிப்பு என்பதில்லை. அது பங்கு.

அதனால் என் பரிந்துரை ‘கலைப்பங்கு’. மாநகரசபை 10 கோடி ரூபாய்க்கு ஒரு கட்டடம் கட்டினால் 1 வீதக் கலைப்பங்கு 10 இலட்சம். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியே வரும் பிள்ளை ஒருவர், அந்தக் கட்டடத்தின் வாசற்சுவரில் மட்டக்களப்பின் அடையாளமான பாடும் மீனைச் செதுக்கக் கூலியும் பொருளும் அதில் வரும். மதிப்பீட்டுத் தாளில் சீமெந்துக்கும் கம்பிக்கும் கீழே ஒரு வரி: கலைப்பங்கு.