பேட்ச் ஸ்கிரிப்ட்: தொகுதியா, கோவையா?

தமிழ் எழுத்தில் ‘பேட்ச்’ என்று எழுதும்போது இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒரே உருவம் கொண்டுவிடுகின்றன. பல வேலைகளைச் சேர்த்து ஒரே போக்கில் முடிப்பதைக் குறிப்பது ஒன்று. மென்பொருளின் பிழையைச் சரிசெய்யப் பின்னர் அனுப்பப்படும் ஒட்டைக் குறிப்பது மற்றொன்று. உடன் பணிபுரிந்த ஒருவர் விடுப்பில் செல்லும்போது ‘தினமும் மாலை பேட்ச் ஓட்ட வேண்டும்’ என்று எழுதிவைத்த குறிப்பைப் படித்துவிட்டு, நான் இரண்டு நாள் மென்பொருள் திருத்தம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதோ, கோப்புகளைப் படியெடுக்கும் எட்டு வரிக் கட்டளைக் கோப்பு, அதாவது பேட்ச் ஸ்கிரிப்ட். ஆகவே இங்கே தமிழ்ச்சொல் தேடுவதற்கு மொழிப்பற்றைவிட அவசரமான காரணம் இருக்கிறது.

முதலில் சொல்லின் வேரைப் பார்க்கலாம். முதலில் சொன்ன பேட்ச் என்பது சுடுதலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையான ‘பகன்’ என்பதன் வழிவந்தது. இன்று ‘பேக்’ என்று வழங்கும் வினையும் அதே வேரினது. அடுப்பில் ஒரு தடவை வைத்துச் சுட்டெடுக்கும் ரொட்டிகளின் அளவே முதலில் பேட்ச் எனப்பட்டது. பின்னர் அச்சொல் ஒருசேர வந்த பொருட்களுக்கும், ஒரே சமயத்தில் சேர்ந்த மாணவர்களுக்கும், ஒரு முறையில் உற்பத்தியான மருந்துகளுக்கும் பரவியது. இந்த விரிவில் ‘கூட்டம்’ என்ற பொருள் மேலோங்கிவிட்டது. ஆனால் வேர்ப்பொருளில் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு கூறு உண்டு. உள்ளே வைத்துக் கதவை மூடியபின் நடுவில் கையிட முடியாது. எல்லாம் ஒன்றாக உள்ளே போகும், ஒன்றாகவே வெளியே வரும்.

இதே கூற்றைச் சுமக்கும் சொல் தமிழிலும் வழக்கில் இருக்கிறது. ஒரு தடவை ஆவியில் வேகவைத்து இறக்கும் அளவை ‘ஒரு ஈடு’ என்கிறோம். ‘முதல் ஈடு இறக்கியாயிற்று’ என்று சொல்லும்போது பேட்ச் என்ற சொல்லின் ஆதிப்பொருள் அப்படியே வந்து நிற்கிறது. ஆயினும் ஈடு என்பதற்கு இழப்பீடு, அடமானம், ஒப்பு எனப் பல பொருள்கள் இருப்பதால், ‘ஈட்டுக் கோப்பு’ என்றால் வங்கிப் பத்திரம் என்றே எவரும் நினைப்பர். மனத்துக்குப் பிடித்த சொல்தான், கலைச்சொல்லாக நிற்காது.

கணினித்துறைக்கு இச்சொல் வந்தது துளையிட்ட அட்டைகளின் காலத்தில். 1950களில் ஒரு கணக்கைச் செய்துபெற விரும்பியவர், அதற்கான கட்டளைகளையும் தரவுகளையும் அட்டைகளில் துளையிட்டு, அட்டைக்கட்டாக இயந்திரம் இயக்குபவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். பலருடைய கட்டுகளையும் இயக்குபவர் அடுக்காகச் சேர்த்து ஏற்றுவார். விடை மணிக்கணக்கில் கழித்து அச்சிட்ட தாளாகக் கிடைக்கும். ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததை மனிதக் கை படாமல் தொடங்குவதற்காக, ஜெனரல் மோட்டார்ஸ், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய இரு நிறுவனங்களும் ஐபிஎம் 704 கணினிக்கு 1956இல் ஒரு மேற்பார்வை நிரலை உருவாக்கின. தொடக்க கால இயக்க முறைமைகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். தவறாக இட்ட துளைகளை மூடுவதற்கு அட்டையிலும் நாடாவிலும் காகிதத் துண்டு ஒட்டுவார்கள். அந்த ஒட்டுதான் நான் குழம்பிய மற்றொரு பேட்ச். இரண்டு சொற்களும் ஒரே மேசையிலிருந்து எழுந்து வந்தவை.

1981இல் ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரோடு வந்த டாஸ் என்ற இயக்க முறைமை, கட்டளைகளை வரிவரியாக எழுதிச் சேமித்த உரைக்கோப்புக்கு இச்சொல்லின் முதல் மூன்று எழுத்துகளைப் பின்னொட்டாக்கி ‘.பேட்’ என்று பெயரிட்டது. கணினியைத் திறந்தவுடன் தானே ஓடிய ‘ஆட்டோஎக்ஸெக்.பேட்’ என்ற கோப்பைப் பழைய கைகள் மறந்திருக்கமாட்டா. இங்கே பொருள் மெல்ல நகர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அட்டைக் காலத்தில் பலருடைய வேலைகள் ஒரு தொகுதியாயின; டாஸில் ஒருவருடைய ஒரே வேலைக்குரிய கட்டளைகள் ஒரு கோப்பாயின. கூட்டப்படும் பொருள் மாறிவிட்டது. நடுவில் மனிதன் குறுக்கிடுவதில்லை என்ற கூறு மட்டும் மாறவில்லை.

அந்தக் கூறு எவ்வளவு கண்டிப்பானது என்பதை நான் பட்டறிந்தேன். நான் எழுதிய கோப்பின் முதல் வரி, @ குறியுடன் கூடிய ‘எக்கோ ஆஃப்’. ஓடும் கட்டளைகளைத் திரையில் எதிரொலிக்க வேண்டாம் என்பது அதன் பொருள், அவ்வரியே எதிரொலிக்காமலிருக்கத்தான் முன்னால் @. இரண்டாவது வரி ‘சிடி’, அதாவது டி டிரைவில் இருக்கும் தற்காலிகக் கோப்புறைக்குச் செல். மூன்றாவது வரி ‘டெல்’, அங்கிருக்கும் உரைக்கோப்புகளையெல்லாம் கேள்வி கேட்காமல் அழி. ஆனால் வேறு டிரைவுக்குப் போகும்போது ‘சிடி’யுடன் ‘/டி’ என்ற சுவிட்சை, அதாவது கட்டளையின் போக்கை மாற்றும் கூடுதல் குறியை, சேர்க்காவிட்டால் டிரைவ் மாறாது. பிழைச் செய்தியும் வராது. கோப்பு ஓடியபோது நான் நின்றுகொண்டிருந்த இடம் என் சொந்த ஆவணங்கள் இருந்த கோப்புறை. ‘டெல்’ அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை. அரை மாதக் குறிப்புகள் ஒரு நொடியில் மறைந்தன. மூன்றாவது வரி தவறே செய்யவில்லை, இரண்டாவது வரி செய்யாத வேலையை நம்பி அது தன் வேலையைச் செய்தது.

இந்த அனுபவத்துக்குப் பின் பேட்ச் கோப்புக்குத் ‘தொகுதிக் கோப்பு’ என்ற பெயர் எனக்கு நிறைவு தரவில்லை. தொகு என்னும் வினையிலிருந்து வந்த தொகுதி, சேர்ந்திருப்பதைச் சொல்கிறது. சேர்ந்திருப்பவற்றின் வரிசையைச் சொல்வதில்லை. பலருடைய வேலைகளை ஒருங்கே செய்யும் முறைக்குத் ‘தொகுதிச் செயலாக்கம்’ என்பது பொருந்தும், ஏனெனில் அங்கே எந்த வேலை முன், எந்த வேலை பின் என்பது பெரும்பாலும் பொருட்டில்லை. கட்டளைக் கோப்பிலோ வரிசைதான் உயிர். கோப்புறையை உருவாக்கும் வரி முன்னே வர வேண்டும், அதனுள் படியெடுக்கும் வரி அதன் பின்னே வர வேண்டும். இடம் மாறினால் வேலையே வேறாகிவிடும். நூலில் மணியைக் கோப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததைத் தமிழ் ‘கோவை’ என்கிறது. அகத்துறைகளைக் கதைப்போக்கில் வரிசைப்படுத்திப் பாடும் சிற்றிலக்கியத்துக்கும் கோவை என்றே பெயர். எனவே பேட்ச் கோப்பைக் ‘கட்டளைக்கோவை’ எனல் தகும் என்பது என் கருத்து. கோவை இலக்கியம் பாடப்படும் யாப்பின் பெயர் கட்டளைக் கலித்துறை என்பது எதிர்பாராத பொருத்தம். அங்கே கட்டளை என்பது எழுத்தெண்ணிப் பாடும் அளவைக் குறிக்கிறது, ஒரு காற்புள்ளி பிசகினாலும் ஏற்காத கணினிக்கும் அது பொருந்தாமலில்லை.

ஸ்கிரிப்ட் என்ற பின்பாதிக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. எழுதப்பட்டது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்து, நடிகர் பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதிவைத்த நாடகப் பிரதியைக் குறித்து, பின் கணினிக்குள் நுழைந்தது. ‘சிறுநிரல்’ என்று தமிழில் எழுதுகிறோம். ஆயிரம் வரி ஸ்கிரிப்டும் உண்டு என்பதால் அளவைச் சொல்லும் இப்பெயர் சிலருக்கு உறுத்தும். நிரல் என்ற பகுதி மட்டும் மிக நேர்த்தியானது: கணிதப் பாடநூல்களில் அணியின் (மேட்ரிக்ஸ்) கிடைவரிசை நிரை, மேலிருந்து கீழிறங்கும் வரிசை நிரல். கட்டளைக்கோவையும் மேலிருந்து கீழாகத்தான் படிக்கப்படுகிறது.

இவ்வேலையைத் ‘தன்னியக்கம்’ என்று அழைப்பதில் மட்டும் சிறிது எச்சரிக்கை வேண்டும். கட்டளைக்கோவை எழுதிவைத்த இடத்தில் சும்மா கிடக்கும். ஒருவர் இருமுறை சொடுக்க வேண்டும், அல்லது விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்து ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்த பிறகே அது தன்னியக்கம் என்ற பெயருக்கு உரியதாகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் கோவையைக் கன்ட்ரோல், சி விசைகளை அழுத்தி இடைமறித்தால் விண்டோஸ் இன்றும் ‘டெர்மினேட் பேட்ச் ஜாப்?’ என்றுதான் கேட்கிறது. மேசையில் அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போன காலத்துச் சொல் அந்த ஒற்றை வரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இல்லை என்று விடையளித்தால் இடைமறிக்கப்பட்ட கட்டளையை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், ஆம் என்றால் முழுவதும் நிற்கும். அவ்வரியைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், ‘கட்டளைக்கோவையை நிறுத்தவா? (ஆ/இ)’ என்று எழுதுவேன்.