இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய காரை வாங்கலாமா?

கொழும்பில் பழைய வாகனம் வாங்க நினைப்பவர்களுக்காக அவ்வாகனத்தைப் பரிசோதித்துக் கொடுப்பது என் தொழில். தொலைபேசியில் அழைப்பவர்களில் பலர், காரின் பெயரைச் சொல்வதற்கு முன்னரே "மீற்றர் அறுபதாயிரம்தான்" என்று மகிழ்ச்சியோடு தொடங்குவார்கள். எனக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் தொடங்கிவிடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அப்படிப்பட்ட பத்துப் பன்னிரண்டு வருடக் கார் ஒன்று ஒன்றரை இலட்சமோ இரண்டு இலட்சமோ காட்டினால் அதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

வெள்ளவத்தை ஆசிரியை ஒருவர் வாங்கவிருந்த 2012ஆம் ஆண்டு டொயோட்டா அக்வாவின் மீற்றர் 59,000 காட்டியது. பொனட்டைத் திறப்பதற்கு முன் சாரதியின் காலடியில் டோர்ச் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். பிரேக் பெடலின் இறப்பர் புத்தம் புதிதாக இருந்தது. அதன் பக்கத்திலிருந்த அக்சிலேட்டரோ வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. ஸ்டியரிங்குக்குப் போட்டிருந்த புது உறையைச் சற்று விலக்கியபோது, அடியில் தோல் உரிந்திருப்பது தெரிந்தது. சாரதி ஏறி இறங்கும் பக்கமான ஆசனத்தின் வலது விளிம்பில் பஞ்சு அமுங்கிக் கிடந்தது. சீற் பெல்ற்றை முழுவதுமாக இழுத்து விட்டால் அது திரும்பிச் சுருளவே மனமில்லாமல் தொங்கியது. இவற்றுள் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

ஜப்பானில் ஏலத்தில் விற்கப்படும் காருக்கு, அன்றைய மீற்றர் அளவும் தரப்புள்ளியும் குறிக்கப்பட்ட ஏலத்தாள் ஒன்று உண்டு. விற்பவர் மிகுந்த தயக்கத்துக்குப் பின் காட்டிய 2014ஆம் ஆண்டுத் தாளில் 41,000 என்று இருந்தது. அப்படியானால் இங்கு வந்து பத்து வருடங்களில் அந்தக் கார் ஓடியது வெறும் 18,000 கிலோமீற்றர், அதாவது நாளொன்றுக்கு ஐந்து கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு தடவை போவதற்கே அதைவிடக் கூடுதலாக ஓட வேண்டும். "அண்ணன், வயசான ஆள் ஒருவர் கோயிலுக்கு மட்டும்தான் எடுத்தவர்" என்றார் விற்பவர். அந்த வயோதிபரை நான் இதுவரை குறைந்தது இருபது கார்களில் சந்தித்திருக்கிறேன்.

சில வாரங்களின் பின் அதே ஆசிரியை, 2,14,000 ஓடிய டொயோட்டா அக்சியோ ஒன்றைப் பார்க்கலாமா என்று மிகவும் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதை வைத்திருந்தவர் தொழில் நிமித்தமாக மாதத்துக்கு இரண்டு தடவை யாழ்ப்பாணம் போய் வந்தவர். ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்று வைத்தால் மாதத்துக்கு 1,600, பத்து வருடத்துக்கு 1,92,000. கணக்கு இடிக்கவில்லை, சேர்விஸ் பற்றுச்சீட்டுகளும் திகதி வரிசையில் ஒரு கோப்பில் இருந்தன. நெடுந்தூரம் ஒரே சீராக ஓடும் காரில் எஞ்சின் தன் சரியான வெப்பநிலையிலேயே இருக்கும், பிரேக்குக்கும் கியருக்கும் வேலை குறைவு. மாறாக, காலை நேரத்தில் தெஹிவளையிலிருந்து கோட்டைக்குக் காலி வீதியில் ஊர்ந்து செல்லும் கார், மீற்றரில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரை மட்டுமே பதிவு செய்தாலும், ஏசியோடு நின்ற நிலையில் எஞ்சின் ஓடிய நேரத்தை எங்குமே பதிவு செய்வதில்லை. நகரத்திலேயே 90,000 ஓடிய காரைவிட அந்த அக்சியோவின் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தது. வாங்கலாம் என்றே எழுதிக் கொடுத்தேன். முன் சக்கரங்களைத் தாங்கும் லோவர் ஆமிலுள்ள இறப்பர் புஷ்களும் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ஒன்றும் மாற்ற வேண்டியிருந்தன, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொன்னேன்.

எஞ்சினைப் பொறுத்தவரை, நான் வரும்வரை அதை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பேன். போனதும் பொனட்டில் கை வைத்துப் பார்ப்பேன். சுட்டால் விற்பவர் எதையோ மறைக்க விரும்புகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஏனெனில் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் தேய்ந்திருந்தால் வரும் கலகலப்பும் வால்வு சீல் வழியாக இறங்கிய ஒயில் எரிந்து வரும் நீலப் புகையும் குளிர்ந்த எஞ்சினை இயக்கும் முதல் சில விநாடிகளில்தான் நன்றாக வெளிப்படும். வெள்ளைப் புகை சில நிமிடங்களுக்குப் பிறகும் அடங்காமல் இனிப்பு வாடையோடு வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் எரிகிறது. செயினுக்குப் பதிலாக டைமிங் பெல்ற் உள்ள எஞ்சினாக இருந்து, அதை மாற்றியதற்குச் சீட்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு செலவைக் கணக்கிடுங்கள்.

ஹைபிரிட் கார்களில் மீற்றரைவிட பற்றரியே விலையைத் தீர்மானிக்க வேண்டும். அக்வாவின் பற்றரியில் மொடியூல்கள் எனப்படும் சிறு பற்றரிகள் 20, மொத்தம் 144 வோல்ற். மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மொடியூல்கள், 201.6 வோல்ற். காரின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் இவை இரண்டிரண்டாகச் சேர்ந்த தொகுதிகளாகத் தெரியும். கார் நிற்கும்போது எல்லாத் தொகுதிகளும் ஒரே அளவைக் காட்டலாம். அதனால் உதவியாளரை ஓட்டச் சொல்லிவிட்டு, அக்சிலேட்டரை அழுத்தும் கணத்தில் எந்தத் தொகுதி மற்றவற்றைவிடத் தாழ்கிறது என்று பார்ப்பேன். பழுதான இரண்டு மொடியூல்களை மட்டும் வேறொரு பழைய பற்றரியிலிருந்து கழற்றிப் போட்டு "பற்றரி செய்தது" என்று விற்பதும் உண்டு. மீதிப் பழைய மொடியூல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். பின் ஆசனப் பக்கத்திலுள்ள பற்றரி மின்விசிறியில் தூசியும் தலைமுடியும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாகத் தானே மாறும் சிவிடி கியர் உள்ள காரை நான் தெஹிவளை மேம்பாலத்தில் மெதுவாக ஏற்றிப் பார்ப்பேன். ஏற்றத்தில் குறைந்த வேகத்தில் உடல் நடுங்குவது போன்ற அதிர்வு வந்தால், ஒயில் மாற்றினால் சரியாகிவிடும் என்ற பேச்சை நம்பி முழு விலை கொடுக்க வேண்டாம்.

கடற்கரையோரம் வருடக்கணக்கில் நிறுத்தப்பட்ட கார் மேலே பளபளக்கும், அடியில் உப்புக் காற்று தன் வேலையைச் செய்திருக்கும். அதற்காகவே காரை உயர்த்திப் பார்க்காமல் நான் அறிக்கை எழுதுவதில்லை. 2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கங்களில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி விற்பவர்கள், பெரும்பாலும் ஆசனத் தண்டவாளத்துத் துருவையும் உபரிச் சக்கரக் குழியின் மூலையில் படிந்த சேற்றையும் மறந்துவிடுவார்கள்.

பலர் காரில் திருப்தி வந்த பிறகே பத்திரங்களைப் பார்க்கிறார்கள்; அதை முதலில் செய்தால் அவர்களுக்கு என் கட்டணமே மிச்சமாகும். எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் அதில் இன்னும் இருந்தால், அந்தக் கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். புத்தகத்திலுள்ள உரிமையாளர் வேறு, விற்பவர் வேறு, நடுவில் வாங்கியவர் யாரும் பெயர் மாற்றாமல், வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கையொப்பமிட்ட ஓப்பன் பேப்பரிலேயே கைமாற்றியிருக்கிறார்கள் என்றால், புத்தகத்தில் பெயர் உள்ளவரே நேரில் வந்து கையொப்பமிடச் சம்மதிக்கும்வரை நான் டோர்ச்சை வெளியே எடுப்பதில்லை.