முந்திரி ஓட்டை எரித்தால் எண்ணெய் வருமா?

'கடலைத் தோடு, முந்திரி ஓடு, சிரட்டை போன்ற கழிவுகளை எரித்து உயிரி எண்ணெய் (பயோ ஆயில்) தயாரிக்கலாம்.' மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் ஓயாமல் வரும் வாக்கியம் இது. எரித்தால் மிஞ்சுவது சாம்பல். இங்கே நடப்பது பைரோலிசிஸ்: கிரேக்கத்தில் 'பைர்' தீ, 'லூசிஸ்' அவிழ்த்தல். தமிழில் வெப்பச் சிதைவு. அதற்குமேல் மெனக்கெட வேண்டாம். ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே வரக் காயவைத்து, சில மில்லிமீட்டர் அளவுக்குப் பொடித்த ஓட்டைக் காற்றுப் புகாத கலத்தில் சுமார் 500 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, எழும் ஆவியை இரண்டு விநாடிக்குள் குளிர்விப்பார்கள். தாமதித்தால் ஆவி மேலும் சிதைந்து வாயுவாகிவிடும். கலத்தில் தங்குவது கரி.

என் சண்டை 'எண்ணெய்' என்ற சொல்லோடுதான். எள் + நெய். கொழுப்புக்கு வைத்த பெயர். இந்தக் கரும்பழுப்புத் திரவத்தில் கொழுப்பு எங்கே? கால்வாசி வரை தண்ணீர். மீதியில் அசெட்டிக் அமிலம், பீனால்கள், பர்பியூரால் போன்ற வேதிப்பொருள்கள். டீசலோடு கலக்காது, எரித்துக் கிடைக்கும் வெப்பமும் எடைக்கு எடை அதில் பாதிகூட இல்லை. அமிலத்தைக் காட்டும் பிஎச் (pH) அளவு 2 முதல் 3 வரை (7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்), ஆகவே சாதா இரும்புத் தொட்டியை அரிக்கும். துருப்பிடிக்கா எஃகு வேண்டும். வைத்திருந்தால் கெட்டியாகும், அதைத் தள்ளிப்போட மெத்தனால் சேர்ப்பார்கள். எண்ணெய் என்ற பெயரை நம்பி இயந்திரத்தில் ஊற்றினால் கெடுவது இயந்திரம்.

முந்திரியில் குழப்பம் இன்னும் மோசம். பிழிந்தாலே கசியும், கார்டனால் என்ற பீனால் வகைப் பொருளைத் தரும் ஓட்டெண்ணெய் வேறு. சிதைத்து வடிப்பது வேறு. இரண்டையும் 'முந்திரி ஓட்டு எண்ணெய்' என்று எழுதினால் வாங்குபவர் எதைக் கேட்பார்?

'தைலம்' என்றால் ஆகாதா? சிரட்டைத் தைலம் இறக்கும் முறையும் வெப்பச் சிதைவே. ஆனால் தைலமும் திலத்தில், அதாவது எள்ளில், பிறந்த சொல். நான் 'தீநீர்' என்பேன். வாலை என்ற வடிகலத்தில் ஆவியாக்கி வடிப்பதற்குச் சித்த மருத்துவம் வைத்த பெயர் அது. ஓமத் தீநீர் தெரியாதவர் உண்டா? நிறம் தெளிவில்லையே என்று ஒருவர் மறுக்கலாம். பெயர் நிறத்துக்கு அல்ல, எடுக்கும் முறைக்கு. 'ஓட்டுத் தீநீர்' என்றால் நீர் கலந்தது, சூடாக்கி வடித்தது என்ற இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன. ஒட்டுப்பலகைப் பிசினில் பீனாலுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்க்கலாம் என்று எழுதும்போதும் உறுத்தாது.

'பயோ' கண்ட இடமெல்லாம் 'உயிரி' ஒட்டும் வழக்கம் தனி நோய். மிஞ்சும் கரியையும் 'உயிரிக்கரி' ஆக்கிவிட்டார்கள்.