யானைமலை மேல் ஒரு ரூபாய்: தொலைநோக்கி எப்படி வேலை செய்கிறது?

ஒரு தொலைநோக்கியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினால் போதும், சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சார், இது எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?" மதுரைக்குள் ஒரு மொட்டை மாடியானாலும் சரி, மேலூர் பக்கம் பள்ளி மைதானமானாலும் சரி, முதல் கேள்வி இதுதான். விற்கிறவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பெட்டியின் மேல் 'ஐந்நூறு மடங்கு' என்று பெரிதாக அச்சடித்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

தொலைநோக்கியின் முக்கியமான வேலைகள் இரண்டு. மங்கலாக வந்து சேரும் ஒளியை நிறையச் சேர்ப்பது ஒன்று. நெருக்கமாக இருப்பவற்றைப் பிரித்துக் காட்டுவது இன்னொன்று. பெரிதாக்குவது இவற்றுக்குப் பின்னால்தான் வரும். அதுவும் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸான ஐபீஸைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் மாறிவிடுகிற விஷயம்.

நல்ல இருட்டில் நம் கண்ணின் பாப்பா அதிகபட்சம் சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். வயது ஏற ஏற அதுவும் குறையும். ஆர்வலர்கள் பலர் முதலில் வாங்குவது 150 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி. விட்டத்தில் இது கண்ணைவிட 21 மடங்குதான். ஆனால் ஒளியைப் பிடிப்பது பரப்பு. பரப்பில் கணக்குப் போட்டால் சுமார் 450 மடங்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம் தெரிவதும், வெறும் புகைபோலத் தெரிவது நட்சத்திரக் கூட்டமாகப் பிரிவதும் இந்த 450-ஆல்தான்.

1609-இல் கலிலியோ வானத்தை நோக்கித் திருப்பியது லென்ஸ் வைத்த குழாய். லென்ஸில் ஒரு தொல்லை உண்டு. கண்ணாடிக்குள் போகும்போது நீல ஒளி அதிகம் வளையும், சிவப்பு குறைவாக வளையும். எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியாது, பிரகாசமான பொருளைச் சுற்றி ஊதா விளிம்பு தட்டும். நியூட்டன் 1668-இல் லென்ஸை விட்டுவிட்டு குழிந்த ஆடியை வைத்தார். எதிரொளிக்கும்போது எல்லா நிறமும் ஒரே மாதிரிதான் திரும்பும். குழாயின் அடியில் பெரிய குழியாடி. அது குவித்து அனுப்பும் ஒளி குவியத்தை எட்டும் முன்பே, சாய்வாக வைத்த ஒரு சின்னத் தட்டையாடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அங்கே ஐபீஸ். இன்றைக்கு ஆர்வலர்கள் கையில் இருப்பவற்றில் நிறைய இந்த வகைதான்.

அந்தக் குழியின் வடிவம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பந்தின் உட்புறத்தைப் போல, கோளமாகக் குழித்தால் போதாது. விளிம்பில் படும் ஒளியும் நடுவில் படும் ஒளியும் வெவ்வேறு இடத்தில் குவிந்துவிடும். பரவளையமாக இருக்க வேண்டும். 150 மில்லிமீட்டர் விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத் தூரமும் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) கொண்ட ஆடியில், கோளத்துக்கும் பரவளையத்துக்கும் விளிம்பில் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை மூவாயிரத்து ஐந்நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. பச்சை ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. இந்தத் துளி வித்தியாசத்தைக் கையாலேயே தேய்த்துக் கொண்டுவர முடியும் என்பதுதான் ஆச்சரியம்.

இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நடுவில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, முன்னும் பின்னும் தேய்த்து, அப்படியே சுற்றிச் சுற்றி வரவேண்டும். மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது மேடாகும். தூளைப் படிப்படியாக நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் கீல் (தார்போன்ற பிசின்) பூசிய வட்டின் மேல் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகேற்றுவார்கள். அப்புறம் சோதனை. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858-இல் சொல்லிக்கொடுத்த முறை இன்றும் மாறவில்லை. ஊசித்துளை வழியாக ஒரு சிறு விளக்கொளியை ஆடியின் மேல் விட்டு, அது திரும்பிவந்து குவியும் இடத்தில் ஒரு சவர பிளேடை மெல்லக் குறுக்கே நகர்த்த வேண்டும். ஆடியில் இருக்கும் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். ஆடியின் மேல் கட்டை விரலைச் சிறிது நேரம் வைத்து எடுத்துவிட்டுப் பாருங்கள்: விரல் வைத்த இடத்தில் ஒரு குன்று எழும்பி நிற்கும். விரலின் சூட்டில் கண்ணாடி விரிந்த அளவு அது. கொஞ்ச நேரத்தில் ஆறித் தானாக அமுங்கிவிடும். வடிவம் சரியானபிறகு வெற்றிடப் பெட்டியில் வைத்து மேலே அலுமினியத்தை மெல்லிய படலமாகப் படிய வைப்பார்கள்.

சரி, மடங்குக் கணக்குக்கு வருவோம். ஆடியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 1200-ஐ 25-ஆல் வகுத்தால் 48 மடங்கு. 10-ஆல் வகுத்தால் 120. 4 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 300. இன்னும் சின்னதாகப் போட்டுக்கொண்டே போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் தெரிவது வெறும் கலங்கல்தான்.

அதற்குக் காரணம் இரண்டு. ஒளி ஓர் அலை என்பதால், எந்த ஆடியும் ஒரு நட்சத்திரத்தைச் சுத்தமான புள்ளியாகக் குவிக்காது. ஒரு சிறு வட்டமாகத்தான் குவிக்கும். ஆடி பெரிதானால் அந்த வட்டம் சிறிதாகும். 150 மில்லிமீட்டர் ஆடியால் பிரித்துக் காட்ட முடிகிற மிகச்சிறிய கோணம் ஒரு விகலைக்குச் சற்றுக் குறைவு. ஒரு விகலை என்பது ஒரு பாகையை 3600-ஆகப் பிரித்ததில் ஒரு பங்கு. நாலரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று, மதுரையை ஒட்டியுள்ள யானைமலை மேல் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தைப் பார்த்தால் அது எவ்வளவு அகலம் தெரியுமோ, சுமார் அவ்வளவு. வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதுகூட ஐம்பது விகலை அகலம்தான். அந்த ஐம்பதுக்குள்தான் அதன் பட்டைகள், பெரிய செம்பொட்டு எல்லாம் அடங்க வேண்டும்.

இரண்டாவது காரணம் காற்று. ஒழுங்காகவே பயணம் செய்து வந்த ஒளி, கடைசிச் சில கிலோமீட்டரில் நம் காற்றுக்குள் நுழைந்ததும் கலைந்துபோகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும். மே மாதம் ரிங் ரோட்டில் தார் மேல் தண்ணீர் நெளிவதுபோலத் தெரிகிறதே, அதே இயற்பியல்தான் இரவில் வியாழனின் விளிம்பைக் கொதிக்க வைக்கிறது. பல இரவுகளில் காற்று இரண்டு, மூன்று விகலைக்கு மேல் எதையும் பிரிய விடாது. அந்த இரவில் 300 மடங்கு போட்டால் கலங்கல்தான் 300 மடங்கு பெரிதாகும்.

மதுரைக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டியது மொட்டை மாடி. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், நடுராத்திரி வரை அதைத் திருப்பிக் கக்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் நின்று கோள்களைப் பார்ப்பது அடுப்பின் மேலாகப் பார்ப்பதுதான். மண்தரை, புல்தரை, கண்மாய்க் கரை, தோட்டம் எதுவானாலும் மாடியைவிட மேல். தொலைநோக்கியையும் வீட்டிலிருந்து எடுத்தவுடன் கண்ணை வைக்காமல் ஒரு மணி நேரம் வெளியே விட்டுவிட வேண்டும். ஆடி தடித்த கண்ணாடி, சீக்கிரம் ஆறாது. ஆறும்வரை அதன் மேலிருந்து சூடான காற்று குழாய்க்குள்ளேயே எழும்பிப் படத்தைக் கெடுக்கும். எங்கே தவறு என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக் குவியத்தைச் சற்றுக் கலைத்தால் அது ஒரு வட்டாகப் பரவும். வட்டின் குறுக்கே ஏதோ வேகமாக ஒரே திசையில் ஓடினால் அது மேலே அடிக்கும் காற்று, ஒன்றும் செய்ய முடியாது. புகை சுருள்வதுபோல மெதுவாக நெளிந்தால் அது உங்கள் குழாய்ச் சூடு, காத்திருந்தால் போய்விடும்.

நம் ஊருக்கு இதில் ஒரு பெரிய சாதகமும் இருக்கிறது. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. அதனால் கோள்கள் தெற்கே எவ்வளவு தள்ளிப் போனாலும், உச்சத்துக்கு வரும்போது அடிவானத்திலிருந்து 50 பாகைக்குமேல் ஏறிவிடும். லண்டனில் இருப்பவர் சில ஆண்டுகளில் சனியை 15 பாகை உயரத்தில்தான் பார்க்க முடியும். அங்கே அதன் ஒளி, தலைக்கு மேலே இருக்கும்போது கடப்பதைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டும்.

இதே 10 பாகை இன்னொரு விதத்தில் தலைவலி. பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. 120 மடங்கில் பார்க்கும்போது வியாழன் ஒன்றரை நிமிடத்தில் பார்வையைவிட்டு நழுவிவிடும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் காட்ட, நடுநடுவே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தானாகத் தொடர, தாங்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக, துருவ நட்சத்திரத்தை நோக்கி வைப்பார்கள். மதுரையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 10 பாகைதான் மேலே. ஒரு மரமோ அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ போதும், அதை மறைத்துவிடும். அதோடு, வெளிநாட்டுத் தாங்கிகள் சிலவற்றின் அச்சு அவ்வளவு தாழ இறங்கவே இறங்காது. வாங்கும்முன் எத்தனை பாகை வரை இறங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணால் பார்க்க மட்டும்தான் என்றால், பெட்டிபோன்ற பீடத்தில் உட்கார்ந்து எப்பக்கமும் திரும்பும் டாப்சோனியன் வகைதான் என் பரிந்துரை. ஊட்டியில் 1970-இல் கட்டி முடித்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இந்த அச்சுப் பிரச்சினையை மிக அழகாகத் தீர்த்தது. ஊட்டியின் அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 பாகை, சரிந்திருக்கும் ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன் மேலேயே அதை வைத்தார்கள். சரிவே அச்சின் திசையாகிவிட்டது.

பார்க்கும்போது ஒன்றை எதிர்பார்க்காதீர்கள்: நிறம். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் படங்களில் சிவப்பும் ஊதாவுமாகப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஐபீஸில் சாம்பல் நிறப் படலம்தான் தெரியும். மங்கலான ஒளியில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் தெரியாது. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும், கண்ணால் அது முடியாது. ஆனால் இருபது, முப்பது நிமிடம் இருட்டில் இருந்து, போனைப் பையிலேயே வைத்துவிட்டு, நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால், அந்தச் சாம்பல் படலத்தில் மடிப்புகளும் நடுவே நாலு குட்டி நட்சத்திரங்களும் துலங்கும். நிலாவைப் பௌர்ணமியன்று பார்க்காதீர்கள். நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும். அரைநிலா சமயத்தில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் ஊருக்கு வெளியே போக முடிந்தால் தெற்கே ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். ஏப்ரல் நடுவில் நள்ளிரவுக்கும், மே நடுவில் இரவு பத்து மணிக்கும் அது உச்சத்துக்கு வரும், அடிவானத்திலிருந்து சுமார் 33 பாகை உயரத்தில். சுமார் 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் பல லட்சம் சூரியன்கள் நெருங்கிக் கிடக்கும் கோளக்கூட்டம் அது. ஆறு அங்குல ஆடி அதைத் தூள்தூளாகப் பிரித்துக் காட்டும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது அடிவானத்துக்கு மேலேயே வருவதில்லை.

பெரிய தொலைநோக்கிகளில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்குமேல் ஒளியைச் சேர்க்கிறது. அந்த ஒளி கேமராவுக்கோ நிறமாலைமானிக்கோ போகிறது. நிறமாலைமானி ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து விரிக்கும். அதில் தெரியும் மெல்லிய கருங்கோடுகள் அங்கே என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன, அவை நம்மை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்று சொல்லிவிடும்.

இதன் அருமையைப் பார்க்கக் கொடைக்கானல் போக வேண்டும். அந்த மலை முன்பு மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் நடப்பதற்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி பலமாக எழுந்தது. 1899-இல் அங்கே சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். 1909-இல் அங்கே ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளின் நிறமாலையில் ஒரு விநோதத்தைக் கண்டார். புள்ளி சூரியனின் ஓரத்தை நெருங்கும்போது, அதன் ஒருபக்கக் கோடுகள் சிவப்பை நோக்கியும் மறுபக்கக் கோடுகள் ஊதாவை நோக்கியும் நகர்ந்திருந்தன. புள்ளி சூரியனின் நடுவில் இருக்கும்போது நகர்வு இல்லை. அப்படியென்றால் வாயு மேலும் கீழும் பாயவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிக் கிடைமட்டமாகப் பாய்கிறது. உலகம் முழுக்க இன்று அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

பின்னாளில் அங்கே ஒரு சுரங்கத் தொலைநோக்கி வந்தது. 11 மீட்டர் கோபுரத்தின் மேல் 60 சென்டிமீட்டர் ஆடி ஒன்று சூரியனைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது ஆடி ஒளியைச் செங்குத்தாகக் கீழே இறக்கும். மூன்றாவது அதை 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் திருப்பிவிடும். 36 மீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் ஒன்று சூரியனை 34 சென்டிமீட்டர் அகலப் பிம்பமாக விழவைக்கிறது. மண்ணுக்கடியில் வெப்பம் ஏறி இறங்காது. மாடியில் நம்மைப் படுத்தும் அதே காற்றுக்கு அங்கே சுரங்கம்தான் மருந்து.

அதே ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்களைக் கணினிக்கு ஏற்றியிருக்கிறார்கள், இணையத்தில் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்த கருவி, 1850-இல் வாங்கிய 15 சென்டிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி. ஆறு அங்குலம்தான். நீங்களும் சூரியனைப் பார்க்கலாம், ஆனால் ஒரு கண்டிப்பு: அதற்கென்றே செய்த வடிகட்டியைக் குழாயின் முன்வாயில், கழன்று விழாதபடி கட்டியபிறகுதான். ஐபீஸில் மாட்டும் சின்ன வடிகட்டி சூட்டில் வெடித்துவிடும், கண் போய்விடும். குறிபார்க்கப் பக்கத்தில் மாட்டியிருக்கும் குட்டித் தொலைநோக்கியான பைண்டரின் மூடியும் மூடியே இருக்கட்டும். காலை எட்டரைக்குள், தரை சூடேறும் முன் பார்த்து, கரும்புள்ளிகளை ஒரு நோட்டில் வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள். நாலைந்து நாளில் அவை ஒரே பக்கமாக நகர்வது தெரியும். சூரியன் தன் அச்சில் சுற்ற ஏறக்குறைய 27 நாள் ஆகிறது என்பதை அந்த நோட்டிலிருந்து நீங்களே கணக்கிட்டுவிடலாம்.