நெல் அம்பாரமும் நிலவுள்ள சிறுகோள்களும்

சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில், தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில், கொட்டிய நெல்லுக்கு முறை வரும்வரை அம்பாரத்தின் பக்கத்திலேயே படுத்துக் காவல் இருப்பது எங்கள் ஊர் உழவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அப்படிப் படுத்திருக்கையில் அம்பாரத்தின் அடியிலிருந்து ஒரு கை நெல்லை அள்ளிப் பார்த்தால், மேலிருக்கும் நெல் சலசலவென்று சரிந்து வந்து அந்தக் குழியை மூடிவிடும். மணிகளைப் பிணைக்கும் பசை எதுவும் அதில் இல்லை. எடையும் உராய்வும்தான் குவியலைத் தாங்கி நிற்கின்றன.

சூரியனைச் சுற்றிவரும் சிறு வான்பொருள்களான சிறுகோள்களில், சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை அகலமுள்ள பலவும், தம் மெல்லிய ஈர்ப்பால் சேர்ந்து நிற்கும் இத்தகைய கற்குவியல்களே. அவற்றில் சிலவற்றுக்குச் சொந்தமாக நிலவும் உண்டு. (துணைக்கோள் என்றால் பலருக்குச் செயற்கைக்கோள் நினைவுக்கு வருவதால் நிலவு என்றே எழுதுகிறேன்.)

அந்த நிலவைப் பிரசவிப்பது பெரும்பாலும் வெயில்தான். வெயிலில் சூடேறிய பரப்பு வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடும்போது, அப்பரப்பின்மேல் மிக நுண்ணிய எதிர்த்தள்ளல் ஒன்று உண்டாகிறது. சிறுகோள் ஒழுங்கான உருண்டையாக இருந்தால் இத்தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மேடும் பள்ளமுமாகக் கோணலாக இருப்பதால் மிச்சப்படும் சிறு முறுக்கு, பல லட்சம் ஆண்டுகளில் அதன் சுழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. இதற்கு யார்ப் விளைவு என்று பெயர். கூடிக்கொண்டே போய் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மணி நேரம் என்ற எல்லையை நெருங்கும்போது, நடுக்கோட்டில் ஈர்ப்பின் பிடி தளர்ந்து, கற்கள் அங்கே சரிந்து, விலகி, அருகிலேயே மற்றொரு சிறு குவியலாகத் திரள்கின்றன.

பெரிய சிறுகோள்களின் நிலவுகள் மோதலில் சிதறியவை என்றே கருதப்படுகின்றன. 1993 ஆகஸ்டில் ஐடா என்ற சிறுகோளைக் கடந்த கலிலியோ விண்கலத்தின் படங்கள் மெதுவாகவே பூமிக்கு வந்ததால், ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் அகலமுள்ள டாக்டில் என்ற நிலவு 1994 பிப்ரவரியில்தான் கண்ணில் பட்டது. சிறுகோளொன்றைச் சுற்றும் நிலவு முதன்முதலாக உறுதியானது அப்போதுதான்.

கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைத் தராசில் வைத்துவிடலாம். சிறுகோளுக்கு அதன் நிலவே தராசு. நிலவு எவ்வளவு தொலைவில், எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால், கெப்ளரின் விதிப்படி நிறையும், அதிலிருந்து அடர்த்தியும் கிடைத்துவிடும். இரண்டு நிலவுகளை உடைய சில்வியா என்ற சிறுகோளின் அடர்த்தி சாதாரணக் கல்லின் அடர்த்தியில் ஏறத்தாழ பாதிதான் என்று தெரிந்தது இவ்வழியில்தான்; உள்ளே அவ்வளவு இடைவெளி.

2022 செப்டம்பர் 26 அன்று, ஏறத்தாழ 780 மீட்டர் அகலமுள்ள டிடிமோஸ் என்ற சிறுகோளின் நிலவான டைமார்ஃபோஸ்மீது நாசாவின் டார்ட் விண்கலம் வேண்டுமென்றே மோதியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக்காலம் அரை மணி நேரத்துக்கும் மேலாகக் குறைந்தது. விண்கலம் இடித்த இடியைவிட, அடிபட்ட குவியலிலிருந்து பீறிட்டுத் தெறித்த கல்லும் தூசும் பின்னுக்கு உதைத்த உதைதான் அதை அதிகம் தள்ளியது. அங்கே குழி விழுந்து நிற்கிறதா, கையால் அள்ளிய அம்பாரம்போல நிலவின் உருவமே சரிந்து மாறிவிட்டதா என்று பார்ப்பதற்காக, 2024 அக்டோபரில் புறப்பட்ட ஐரோப்பிய விண்கலமான ஹெரா அனுப்பப்பட்டிருக்கிறது.