டேவிஸ் கோப்பை மண்டலச் சுற்று: தசைப்பிடிப்புக்கு மூன்று நிமிடம் கிடைக்காது

நாடுகள் அணியாக மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பை என்றதும் தொலைக்காட்சியில் வரும் இறுதிக்கட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். விளையாட்டு பிசியோவாக எனக்கு அதிக வேலை வைப்பது அடியில் இருக்கும் மண்டலச் சுற்றுகள், குறிப்பாக மூன்றாம் பிரிவு.

அதற்கு மேலே இருக்கும் உலகப் பிரிவில் இரு நாடுகள் இரண்டு நாள் மோதிவிட்டு ஊர் திரும்பும். மூன்றாம் பிரிவில் மண்டலத்தின் பல அணிகள் ஒரே ஊரில் கூடி, ஒரே வாரத்தில் லீக் முறையில் ஆடி முடிக்கும். ஒவ்வொரு மோதலிலும் இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர், மூன்று செட் ஆட்டம். கேட்க லேசாக இருக்கும். ஆனால் சின்ன நாட்டு அணியில் தேறிய ஆட்டக்காரர்கள் இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒற்றையர் ஆடிய அதே ஆள் கொஞ்ச நேரத்தில் இரட்டையருக்கும் இறங்குவார், மறுநாளும் அதே கதை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அணிகள் வந்து சேருவதோ பெரும்பாலும் ஓரிரு நாள் முன்னால்.

தசைப்பிடிப்பு வந்தால் மருத்துவ இடைவேளை கேட்கலாம் என்று பல இளம் ஆட்டக்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்காது. காயத்துக்கும் திடீர் உடல்நலக் குறைவுக்கும்தான் அந்த மூன்று நிமிட இடைவேளை. பிடிப்புக்கு, பக்கம் மாறும் 90 விநாடியிலோ செட் முடிவிலோதான் கை வைக்க முடியும். அதுவரை தாங்காது என்றால் புள்ளிகளை, சிலசமயம் கேமையே விட்டுக்கொடுத்துத்தான் நாற்காலிக்கு வர வேண்டும்.

அதனால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. ஒன்றரை லிட்டர் வரை, உப்போடு சேர்த்து, மெதுவாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வேறு ஆபத்து வரும். உடம்பு வற்றியிருக்கும்போது வலி மாத்திரை வேண்டாம், அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

பிடிப்பைவிட எனக்குப் பயம் வெப்பத்தாக்கு. இங்கே டேவிஸ் கோப்பைக்கு ஒரு வசதி உண்டு: கேப்டன் மைதானத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், ஒவ்வொரு இடைவேளையிலும் ஆட்டக்காரரிடம் பேசலாம். நான் கேப்டன்களிடம் சொல்வது, உத்தி பேசும் முன் ஸ்கோரைக் கேளுங்கள். தடுமாறினால் சந்தேகப்படுங்கள். ஓர் ஆட்டத்தில், புள்ளி 30-15 என்றிருக்க, இடப்பக்கம் நின்று சர்வ் போட வேண்டிய ஒரு பையன் வலப்பக்கம் போய் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். நடுவர் சொல்லியும் நகரவில்லை. கேலரியில் சிரித்தார்கள். களைப்பில் வரும் மறதி என்று அதை விட்டுவிடக் கூடாது.

குழப்பமும் 40 டிகிரிக்கு மேல் உள்சூடும் சேர்ந்தால் அது வெப்பத்தாக்குதான். வியர்வை கொட்டிக்கொண்டிருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், ஆடுகிறவர்களுக்கு வியர்த்தபடியேகூட வரும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட கையோடு, அது வரும்வரை காத்திராமல், கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். மூழ்கிவிடாமல் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். முதலில் குளிர்விப்பு, அப்புறம்தான் மருத்துவமனைப் பயணம்.

அதற்கு ஒரு தொட்டியும் ஐஸும் வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அமைப்பாளர்களிடம் முதல் பயிற்சி நாளிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் ஏற்பாடு செய்ய அப்போது நேரம் இருக்கும்.