செம்மறித்தோல் சேண விரிப்பு: ரோமத்தைப் பார்த்து வாங்குகிறோம், தோல்தான் முதலில் போகிறது

நன்றாக ஓடிவிட்டு வந்த குதிரையின் சேணத்தைக் கழற்றியதும் அதன் முதுகைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சேணம் உட்கார்ந்திருந்த இடம் முழுக்க வியர்வையில் நனைந்து ரோமம் படிந்துகிடக்கும். நடுவில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்திருந்தால் யோசிக்க வேண்டும். சேணம் அங்கே தொடாமலே இருந்திருக்கலாம். அல்லது வியர்வைச் சுரப்பிகளே அடங்கிப்போகும் அளவுக்கு அழுத்தியிருக்கலாம். அந்த இடத்தை விரலால் லேசாக அழுத்தும்போது குதிரை முதுகைக் கீழே இறக்கி நெளிந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். அது நீடித்தால் கருங்குதிரையின் முதுகில்கூட அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். முடிக்கு நிறம் தரும் செல்கள் அங்கே அழிந்துபோனதற்கான அடையாளம் அது.

அழுத்தம் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு, ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் பாதரசம். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக நெடுநேரம் அழுத்தினால் குழாய் மூடிக்கொள்ளும். கூடவே பக்கவாட்டு இழுவையும் சேர்ந்தால் இன்னும் குறைந்த அழுத்தத்திலேயே மூடிவிடும். குதிரை ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முதுகு ஏறி இறங்கி, இடமும் வலமும் அசைகிறது. சேணம் அதே தாளத்தில் அசைவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடுவது தோல்.

சேணத்துக்கும் குதிரையின் முதுகுக்கும் நடுவில் போடும் செம்மறித்தோல் விரிப்பின் உண்மையான வேலை இங்கேதான். அதை மெத்தை என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் தடிமனைவிட அதிலுள்ள இழைகள் நிற்கும் விதம்தான் முக்கியம். ஒவ்வோர் இழைக்கும் வேர் தோலில் ஊன்றியிருக்கிறது, நுனி விடுதலையாக இருக்கிறது. ரோமப் பக்கம் குதிரையைப் பார்த்திருக்கும்போது நுனி குதிரையோடு போகும், வேர் சேணத்தோடு போகும். நடுவில் இழை வளைந்து கொடுத்து, குதிரையின் தோல் வாங்கவேண்டிய இழுவையைத் தான் வாங்கிக்கொள்ளும். நெசவுத்துணிக்கு இந்த வசதி இல்லை, அதன் நூல்கள் படுத்துக் கிடப்பவை. படுக்கையோடு கிடக்கும் நோயாளிகளுக்குப் புண் வராமல் இருக்கச் சில மருத்துவமனைகளில் செம்மறித்தோல் விரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வளைந்த இழை நிமிரவும் வேண்டும். கம்பளி இழை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. மெல்லிய கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆட்டின் இழையில் உள்ளே இரண்டு வகை செல்கள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி வளர்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி நீள்வதில்லை, அதனால் இழை நேராக இல்லாமல் நெளிநெளியாகச் சுருள்கிறது. அந்த நெளிவு சுருள்வில் மாதிரி வேலை செய்யும். மெரினோ இழையின் குறுக்களவு பெரும்பாலும் 17 முதல் 24 மைக்ரான், நம் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அவ்வளவு மெல்லிய இழைகள், சதுர மில்லிமீட்டருக்கு 50க்கும் மேல் நெருக்கியடித்து நிற்பதால்தான் பாரத்தைத் தாங்குகின்றன.

அப்புறம் வியர்வை. கடும் வெயிலில் கடுமையாக ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கும் மேல் வியர்க்கும். அதன் வியர்வையில் நம்முடையதைவிட உப்பு மிக அதிகம், லாதரின் என்ற நுரைக்கும் புரதமும் உண்டு. கடிவாள வார் உரசும் கழுத்தில் சோப்பு நுரை போலப் பொங்கி நிற்பது அதனால்தான். கம்பளி இழையின் வெளிச் செதில் நீர்த்துளியை ஒட்டவிடாது, உள்பகுதியோ நீராவியை இழுத்துக்கொள்ளும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இதை வைத்து "செம்மறித்தோல் முதுகைக் குளிரவைக்கும்" என்று விற்கிறார்கள். அது கொஞ்சம் மிகை. ஈரத்தை உறிஞ்சும்போது கம்பளி வெப்பத்தை வெளிவிடத்தான் செய்கிறது, அதற்குள் அடைபட்ட காற்றும் வெப்பத்தைத் தடுக்கிறது. முதுகு ஊறிப்போகாமல் இருக்கும், அதுதான் லாபம். ஊறிய தோல்தான் சீக்கிரம் உரிகிறது.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? முதலில் சேணம். குதிரைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் சேணத்தின் அடியில் தடித்த விரிப்பைத் திணித்தால், சின்னச் செருப்புக்குள் தடித்த காலுறை போட்ட கதைதான், இறுக்கம் கூடும். பொருந்தாத சேணத்தை எந்த விரிப்பாலும் சரிசெய்ய முடியாது. விரிப்பு போட்ட பிறகும் முதுகெலும்பின் மேல் காற்றோட்டமான இடைவெளி இருக்கவேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரிப்பைச் சேணத்தின் நடுப்பள்ளத்துக்குள் மேலே இழுத்துவிட்டுத்தான் வாரைக் கட்டவேண்டும். இல்லையென்றால் கீழே இறுகி, அந்த எலும்பு மேட்டையே அழுத்தும்.

ரோமத்தை விரல்களால் பிரித்து அடிவரை பாருங்கள். தோல் தெரிந்தால் அசல் செம்மறித்தோல். பின்னலாடை போன்ற அடித்துணி தெரிந்தால் அதில் குத்திய இழை, கம்பளியாகவும் இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு இழையைப் பிடுங்கிக் கொளுத்துங்கள். கம்பளி, முடி கருகும் வாடையோடு பொடியாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான கருப்பு மணியாகும். கட்டைவிரலால் ஊன்றி அழுத்தினால் அடித்தோல் உடனே தட்டுப்படக்கூடாது.

இதுவரை எல்லோரும் பார்ப்பார்கள். பலர் விரிப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. விரிப்பின் ஆயுளைத் தீர்மானிப்பதே அந்தத் தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்பதுதான். வெறும் படிகாரத்தால் பதப்படுத்திய தோல் பால் வெள்ளையாக அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் படிகாரம் கரைந்து வெளியேறி, காய்ந்ததும் அட்டையாக விறைத்துவிடும். சுவரில் மாட்ட அது போதும், வியர்க்கும் குதிரைக்கு உதவாது. மரப்பட்டைச் சாறு, குரோமிய உப்பு, குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் ஆகியவற்றால் பதனிட்டவை தண்ணீரைத் தாங்கும். வியர்வைக்கும் துவைப்புக்கும் நன்றாக ஈடுகொடுப்பது இதில் கடைசி வகை, லேசான மஞ்சள் சாயல் இருக்கும். விற்பவரிடம் "இதைத் துவைக்கலாமா, எப்படிப் பதனிட்டது?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

துவைப்பதில் சிக்கல் என்னவென்றால், ஒரே பொருளில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. இழை கெரட்டின், தோல் கொலாஜன். கெரட்டினுக்குக் காரம் ஆகாது, அதன் கந்தகப் பிணைப்புகள் அறுந்து இழை மஞ்சளித்து முறியும். சாதாரணச் சலவைத்தூள் காரமானது. கறையைத் தின்னும் நொதி சேர்த்த தூள் இன்னும் மோசம், அந்த நொதி புரதத்தைச் செரிப்பதற்கென்றே சேர்த்தது, கம்பளியும் புரதம்தானே! குளோரின் வெளுப்பானை நினைக்கவே வேண்டாம். கம்பளிக்கென்று விற்கும் மிதமான திரவம், 30 டிகிரி செல்சியஸைத் தாண்டாத தண்ணீர், இது போதும். சூட்டில் அலசி அலசித் தேய்த்தால் இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று கொக்கிபோட்டுக்கொண்டு கட்டியாகிவிடும். பிறகு எந்தச் சீப்பும் அதைப் பிரிக்காது.

உலர்த்தும்போது யோசிக்கவேண்டியது கொலாஜனை. ஈரமான தோல் சூட்டில் சுருங்கும், சுருங்கியது திரும்ப விரியாது. வெயிலும் ஹீட்டரும் வேண்டாம், காற்றோட்டமான நிழல் போதும். முக்கால்வாசி காய்ந்து சற்றே ஈரம் இருக்கும்போது தோலை நாலு பக்கமும் கையால் மெதுவாக இழுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் தோல் மிருதுவாக இருக்கும். முழுக்கக் காய்ந்தபின் இழுத்தால் கிழியும். ரோமத்தைச் சீவுவதற்கு மட்டும் முழுக்கக் காயவேண்டும்.

அடிக்கடி துவைக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் விரித்துக் காயவைத்து, கம்பிப்பல் சீப்பால் உப்பையும் முடியையும் உதறி எடுத்தாலே துவைப்பு பாதியாகக் குறையும். ஆனால் படர்தாமரை வந்த குதிரையின் விரிப்பை இன்னொன்றுக்குப் போடவே கூடாது, பூஞ்சையின் வித்துகள் முடித்துணுக்குகளில் பல மாதம் உயிரோடு இருக்கும். நெடுநாள் எடுத்துவைக்கும் விரிப்பைத் துவைத்து உலர்த்தித்தான் வைக்கவேண்டும். அந்துப்பூச்சியின் புழு கெரட்டினைச் செரிக்கக்கூடிய அபூர்வமான உயிரினம், வியர்வை ஊறிய கம்பளி என்றால் அதற்குக் கொண்டாட்டம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூச்சி வராவிட்டாலும் பூஞ்சணம் வரும், துணிப்பை நல்லது.

எப்போது மாற்றுவது? விரிப்பின் பின்பக்கத்தை மடித்துப் பாருங்கள். தோல் மடியாமல் மொறமொறவென்று சத்தமிட்டாலோ, மடித்த கோட்டில் வெடிப்பு தெரிந்தாலோ அதைச் சேணத்தின் அடியிலிருந்து எடுத்துவிடலாம், ரோமம் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் சரி.